கைப்பேசிக்கு ஒரு வரையறை

(பகவான் மகாவீரர் பிறந்தநாள் விழாவின் மாலை அமர்வில் நிகழ்த்திய உரை)

  

திருவிழா மேடையில் கைப்பேசியின் விலையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர்க்கு ஐயம் எழலாம். நம் இல்லங்களின் கணக்கைச் சற்றே புரட்டிப் பார்த்தால் அந்த ஐயம் நீங்கும். வீடு, நகை, வண்டி ஆகியவற்றை வாழ்நாளில் ஓரிரு முறை வாங்குகிறோம். கைப்பேசியையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும் ஒன்றாக வாங்குகிறோம். வண்டி வாங்குமுன் பத்துப் பேரிடம் கேட்கிறோம். நகை வாங்குமுன் நாள் பார்க்கிறோம். கைப்பேசியை மட்டும் கடையின் குளிர்ச்சியில், விற்பனையாளர் விரலால் திரையைத் தள்ளிக் காட்டும் பத்து நிமிடத்துக்குள் முடிவு செய்துவிடுகிறோம்.

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது பொருளுக்கு வரையறை செய்துகொள்ளுதல். அது பொருளே வேண்டாம் என்னும் துறவியின் விரதம் அன்று. தேவையானதை வைத்துக்கொள், ஆயினும், எவ்வளவு தேவை என்பதை நீயே முன்கூட்டி வரைந்துகொள் என்பதே அதன் கருத்து. நான் இன்று சொல்ல வந்ததும் அவ்வளவே. கடைக்குச் செல்லுமுன் தொகையையும் ஆண்டையும் வரையறுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இவ்வுரையின் பொருள்.

வரையறை முன்னே, கடை பின்னே

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரம், நுகர்பொருள்களை இரண்டாகப் பிரிக்கிறது. உணவு போல ஒருமுறை நுகர்ந்தபின் கழிவது போகம். ஆடை போல மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். கைப்பேசி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் இன்றைய வாணிகம், அதனை முதல் வகைப் பொருளாக மாற்ற முயல்கிறது. ஆண்டுதோறும் புதிய மாதிரி வெளிவருகிறது. சென்ற ஆண்டு வாங்கியது கெடாமல் இருக்கும்போதே அது பழையதாகிவிட்டது என்ற எண்ணம் ஊட்டப்படுகிறது.

அந்நூல், இத்தகைய வரையறைகளைக் காலத்தோடு சேர்த்தும் பேசுகிறது. வாழ்நாள் முழுமைக்கும் மேற்கொள்வது யமம். இத்தனை நாள் என்று காலம் குறித்து மேற்கொள்வது நியமம். கைப்பேசிக்கு நியமமே ஏற்றது. "இந்தக் கருவியை நான்கு ஆண்டுகளுக்கு மாற்றேன்" என்று வாங்கும் நாளிலேயே உறுதி கொண்டால், எவ்வளவு செலவிடலாம் என்னும் வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மற்றொன்றும் அந்நூலில் உண்டு. பொருள் வரையறைக்கு மாசு சேர்க்கும் ஐந்தனுள் ஒன்றாக வியப்பைக் கூறுகிறது. பிறர் உடைமையைக் கண்டு வியந்து நிற்றல் என்று அதற்குப் பொருள் உரைப்பர். பக்கத்து வீட்டார் கையிலுள்ள கருவியைக் கண்டு, நம் கையிலுள்ளது திடீரென்று தாழ்ந்ததாகத் தோன்றும் அந்த நொடியை இதனினும் துல்லியமாகச் சொல்ல இயலுமா? நம் பிள்ளைகளின் கல்லூரி வாயிலிலும், நம் நிறுவனங்களின் அலுவல் மேசையிலும் நாள்தோறும் நிகழ்வது அந்த வியப்பே.

திருப்பூர் அறிந்த கணக்கு

விலையையும் பயனையும் எடைபோடத் திருப்பூர்க்காரர்க்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஓர் ஆர்டர் வருகிறது என்றால், நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்டி, சேதாரத்துக்கும் ஒரு பங்கு வைத்து, அதன்பின்னரே விலை சொல்கிறோம். கணக்குப் போடாமல் ஆர்டர் எடுத்தவர் நிலைத்ததில்லை. துணியைத் தொட்டவுடன் 140 ஜிஎஸ்எம்மா, 180 ஜிஎஸ்எம்மா என்று சொல்லக்கூடிய கைகள் இங்கே எத்தனையோ உள்ளன. காதர்பேட்டையில் ஒரு பனியனை எடுத்தால், இருபக்கமும் இழுத்துப் பார்த்து, தையலைப் புரட்டிப் பார்த்து, துவைத்தால் சுருங்குமா, சாயம் போகுமா என்று கேட்காமல் வைக்க மாட்டோம்.

அந்தக் கூர்மை, கைப்பேசிக் கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்தவுடன் எங்கே போகிறது? பனியனின் மதிப்பு அது எத்தனை துவைப்பைத் தாங்கும் என்பதில் இருப்பது போல, கைப்பேசியின் மதிப்பு அது எத்தனை ஆண்டு குறைவின்றி உழைக்கும் என்பதில் இருக்கிறது. ஆகவே, "விலை என்ன?" என்பதை விட, "ஓர் ஆண்டுக்கு எவ்வளவு விழும்?" என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கணக்குக்காகச் சில தொகைகளைக் கொள்வோம். 9,000 ரூபாய்க் கருவி ஒன்று. இரண்டு ஆண்டில் நினைவகம் நிரம்பி, வேகம் குன்றி, மாற்ற வேண்டிய நிலை வருகிறது. ஆண்டுக்கு 4,500 ரூபாய். அடுத்தது 18,000 ரூபாய்க் கருவி. நான்கு ஆண்டு வைத்திருக்கிறோம். இடையில் ஒருமுறை பேட்டரி மாற்ற 2,000 ரூபாய். ஆக 20,000, ஆண்டுக்கு 5,000 ரூபாய். மூன்றாவது 30,000 ரூபாய்க் கருவி. ஆறு ஆண்டு வைத்திருக்கிறோம். பேட்டரிக்கு 3,000 ரூபாய். ஆக 33,000, ஆண்டுக்கு 5,500 ரூபாய். நான்காவது 79,000 ரூபாய்க் கருவி. ஏழு ஆண்டு வைத்திருந்து, பேட்டரிக்கு 5,000 ரூபாய் செலவிட்டால், ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

இக்கணக்கில் இரண்டு செய்திகள் உள்ளன. முதல் மூன்று கருவிகளுக்கும் விலையில் மும்மடங்கு வேறுபாடு இருந்தும், ஆண்டுச் செலவில் வேறுபாடு ஆயிரம் ரூபாயே. எனவே மிகக் குறைந்த விலையே சிக்கனம் என்பது எப்போதும் உண்மையாகாது. நான்காவது கருவிக்கு வந்தவுடன் ஆண்டுச் செலவு இருமடங்குக்கு மேல் தாவுகிறது. அவ்விடத்தில் நாம் கொடுக்கும் கூடுதல் பணம், பெரும்பாலும் பயனுக்காக அன்று; பெயருக்காகவும் பிறர் பார்வைக்காகவும் கொடுப்பது.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. அந்த 30,000 ரூபாய்க் கருவியை ஆறு ஆண்டு வைத்திராமல், இரண்டே ஆண்டில் 12,000 ரூபாய்க்கு விற்றுவிட்டால் என்ன ஆகும்? இழந்த தொகை 18,000. ஆண்டுக்கு 9,000 ரூபாய். அதே கருவி, அதே விலை. நம் பொறுமை ஒன்றே செலவைக் கூட்டவோ குறைக்கவோ செய்தது. நீண்ட நாள் வைத்திருக்கும் மனம் இல்லாதவர், நீண்ட நாள் உழைக்கும் கருவிக்குப் பணம் கொடுப்பது வீண்.

இதனோடு ரீசார்ஜ் செலவையும் சேர்க்க வேண்டும். 28 நாள் திட்டம் என்றால், ஆண்டுக்கு 12 முறை அன்று, 13 முறை பணம் கட்டுகிறோம். ஒருமுறைக்கு 300 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 3,900 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டில் இதுவே 15,600 ரூபாய். வீட்டில் வைஃபை இணைப்பு இருந்தும் நால்வரும் நாள்தோறும் இரண்டு ஜிபி திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. கருவியின் விலையில் பேரம் பேசுபவர் இதனைக் கவனிப்பதில்லை.

ஆண்டுகளைத் தீர்மானிப்பவை

ஒரு கருவி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை எப்படி அறிவது? கேமராவின் மெகாபிக்சல் எண்ணோ, திரையின் மினுமினுப்போ அதைச் சொல்லா. நான்கு செய்திகள் சொல்லும்.

முதலாவது, பாதுகாப்புப் புதுப்பிப்பு. கைப்பேசியின் இயங்குதளத்தில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டறியப்படுகின்றன. உற்பத்தி நிறுவனம் அவற்றை அடைத்து அனுப்புவதே புதுப்பிப்பு. அது நின்றபின் கருவி வெளிப்பார்வைக்கு நன்றாகவே இயங்கும். ஆனால் பூட்டு பழுதான வீட்டைப் போன்றது. 2016இல் யுபிஐ வந்தபின் நம் வங்கிக் கணக்கு முழுவதும் இந்தக் கருவிக்குள் வந்துவிட்டது. வங்கிச் செயலிகளும் வாட்ஸ்ஆப் போன்றவையும் மிகப் பழைய இயங்குதளங்களைக் காலந்தோறும் கைவிடுகின்றன. 2023இல் கூகுள் தன் பிக்சல் 8 வரிசைக்கும், 2024இல் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பை அறிவித்தன. எல்லா நிறுவனமும், எல்லா விலையிலும் அவ்வாறு தருவதில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இந்த ஆண்டுக் கணக்கு, நாம் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதன்று. பொதுவாக அம்மாதிரி சந்தைக்கு வந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. இரண்டு ஆண்டுப் பழைய மாதிரி தள்ளுபடியில் கிடைக்கிறது என்றால், அதன் ஆயுளிலும் இரண்டு ஆண்டு தள்ளுபடியாகிவிட்டது என்று கொள்க. விலைக் குறைவு அதற்கு ஈடாகிறதா என்று பார்த்து வாங்கலாம்.

இரண்டாவது, பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரி, ஒவ்வொரு முறை நிரப்பித் தீர்க்கும்போதும் சிறிதளவு தன் கொள்ளளவை இழக்கிறது. வெப்பம் அதன் முதல் பகை. அயர்னிங் மேசைக்கு அருகிலும், வெயிலில் நிற்கும் வண்டியின் முன்பெட்டியிலும் கைப்பேசியை வைக்காதிருப்பதே அதன் ஆயுளைக் கூட்டும். பேட்டரி தளர்ந்தவுடன் கருவியையே மாற்றுவது, டயர் தேய்ந்ததற்காக வண்டியை விற்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, பழுது நீக்கும் வசதி. வாங்கும் நிறுவனத்தின் சேவை நிலையம் திருப்பூரில் இருக்கிறதா, அன்றிக் கோவை வரை செல்ல வேண்டுமா? திரை உடைந்தால் மாற்ற என்ன விலை? வாங்குமுன் இவ்விரண்டையும் கேட்டுவிடுங்கள். திரையின் விலையே கருவி விலையில் பாதி என்று தெரிந்தால், அதன் உண்மை விலை வேறு என்பது புரியும்.

நான்காவது, நம் ஊருக்கே உரியது. நிட்டிங் கூடத்திலும் கட்டிங் மேசையிலும் பறக்கும் பஞ்சுத் தூசி, சார்ஜ் செய்யும் துளையிலும் ஒலிபெருக்கித் துளையிலும் அடைந்துகொள்ளும். சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்கு வரும் கருவிக்குள் பஞ்சுருண்டையைத் தவிர வேறு குறை இல்லாதிருப்பதும் உண்டு. கருவியை அணைத்துவிட்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் துடைத்தாலே போதும். ஊசியை உள்ளே விடலாகாது. தூசி புகாத தரச்சான்று உள்ள கருவிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது, தறி ஓடும் இடத்தில் வேலை செய்பவர்க்கு நியாயமான செலவு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறையில் உள்ளது. அங்கே சந்தைக்கு வரும் கைப்பேசியின் பேட்டரி, 800 முறை நிரப்பித் தீர்த்த பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவைக் காக்க வேண்டும். அம்மாதிரியின் விற்பனை நின்றபின் குறைந்தது ஐந்து ஆண்டு புதுப்பிப்பும், ஏழு ஆண்டு உதிரிப் பாகங்களும் தர வேண்டும். அதே ஐரோப்பாவின் பையர்கள்தாம் நம்மிடம் சாயத்தின் உறுதி, சுருக்க அளவு, இயற்கைப் பருத்திச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறார்கள். கேட்பவர்க்குத் தரம் கிடைக்கிறது. விற்பவராக இருக்கும்போது அத்தனை கேள்விக்கும் விடை சொல்லும் நாம், வாங்குபவராக இருக்கும்போது வாய்மூடி நிற்பதேன்?

யாருக்கு எது?

ஒரே அளவு எல்லார்க்கும் பொருந்தாது. பயன் கருதி வரையறுப்பதே முறை. இன்றைய சந்தை நிலையில் எனக்குத் தோன்றும் அளவுகளைக் கூறுகிறேன். அவரவர் வருவாய்க்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்க.

செஞ்சி, வந்தவாசி, ஆரணிப் பக்கத்து ஊர்களில் இருக்கும் தாய் தந்தையர்க்கு, திருப்பூரில் பணிபுரியும் பிள்ளைகள் கைப்பேசி வாங்கித் தருவது நம் குடும்பங்களில் வழக்கம். முதியோர்க்குத் தேவை தெளிவான ஒலி, பெரிய எழுத்து, ஒருநாள் முழுவதும் தாங்கும் பேட்டரி, பேரப்பிள்ளைகளின் முகம் காணும் வீடியோ அழைப்பு ஆகியவை. 10,000 முதல் 13,000 ரூபாய்க்குள் இவை அமையும். நினைவகம் மட்டும் 128 ஜிபிக்குக் குறைய வேண்டா. குடும்பக் குழுக்களில் நாள்தோறும் வந்து விழும் படங்களும் காணொளிகளும் 64 ஜிபியை விரைவில் நிரப்பிவிடும். பிள்ளைகள் பயன்படுத்திக் கழித்த, புதுப்பிப்பு நின்றுபோன கருவியைப் பெற்றோர்க்குக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டுகிறேன். மோசடிக்காரர் முதலில் குறிவைப்பது முதியோரையே. பணம் பறிபோயிற்று என்று அறிந்த நொடியே 1930 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதையும், கருவியோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகட்குத் தனிக் கருவி தேவையில்லை என்பது என் கருத்து. வீட்டுக்குப் பொதுவான ஒன்று போதும். கல்லூரி மாணவர்க்கு 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் நல்ல கருவி கிடைக்கிறது. அதற்கு மேல் கேட்கும் பிள்ளையிடம் மறுப்பு மட்டும் கூற வேண்டா. ஆண்டுக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, "மூன்று ஆண்டுக்கு இதுவே குடும்பத்தின் பங்கு, மேலே வேண்டுமானால் உன் சேமிப்பு" என்று சொல்லுங்கள். தன் பணம் கலந்தவுடன் பிள்ளையே கணக்குப் போடத் தொடங்கும். அக்கல்வி, கருவியை விட நீண்ட நாள் உழைக்கும்.

தொழில் செய்பவர்க்கு 20,000 முதல் 30,000 ரூபாய் வரை செலவிடுவது தகும். பவர் டேபிள் நடத்துபவர்க்கும், ஜாப் ஒர்க் எடுப்பவர்க்கும் கைப்பேசியே அலுவலகம். ஈவே பில், வங்கி, சாம்பிள் படம், டிரைவருக்கு அழைப்பு எல்லாம் அதில்தான். கைப்பேசிக்கு 2020 ஏப்ரல் முதல் ஜிஎஸ்டி 18 விழுக்காடு. வரி உள்பட 20,000 ரூபாய்க் கருவியில் ஏறத்தாழ 3,050 ரூபாய் வரியே. ஜிஎஸ்டி பதிவுள்ளவர் தொழிலுக்காக வாங்கினால், தம் பதிவெண் இட்ட பில் கேட்டு வாங்கி, உள்ளீட்டு வரி வரவு பெறுவது குறித்துத் தம் ஆடிட்டரிடம் கலந்துகொள்ளலாம். இதனைக் கேளாமலே எத்தனையோ பேர் வெறும் பில்லோடு வந்துவிடுகிறார்கள்.

தொழிலுக்கென்றே எண்பதாயிரம், ஒரு லட்சம் கொடுக்கலாமா? "கேமரா நன்றாக இருந்தால் பையருக்கு நிறம் சரியாகத் தெரியும்" என்பது ஒரு வாதம். சாயப்பட்டறை நடத்துபவரிடம் இதைச் சொன்னால் நகைப்பார். அனுப்புபவரின் திரை ஒரு நிறம் காட்டும். பெறுபவரின் திரை மற்றொன்று காட்டும். அறையின் விளக்கொளி இரண்டையும் மாற்றும். லேப் டிப்பை லைட் பாக்ஸில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டே நிறத்துக்கு ஒப்புதல் தர முடியும். எவ்வளவு விலை கொடுத்த கைப்பேசியும் அந்த வேலையைச் செய்யாது. படம் மங்காமல் போக வேண்டுமென்றால், வாட்ஸ்ஆப்பில் அதனை டாக்குமெண்டாக அனுப்பினாலே போதும்; அதற்குச் செலவே இல்லை.

தவணை என்னும் வலை

இனி, கடன். "வட்டியில்லாத் தவணை" என்னும் பலகை இல்லாத கைப்பேசிக் கடை இன்று இல்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. வட்டி எங்கோ ஓரிடத்தில் ஒளிந்திருக்கும். ரொக்கம் தருபவர்க்குக் கிடைக்கும் தள்ளுபடி, தவணைக்காரர்க்குக் கிடைக்காது, அது ஓரிடம். செயலாக்கக் கட்டணம் மற்றோர் இடம். கடன் அட்டை வழித் தவணையில், வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், அவ்வட்டியின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி நம் தலையில் விழும். வட்டி 2,000 ரூபாய் என்றால் வரி 360 ரூபாய். தொகை சிறிதாகத் தோன்றலாம். "வட்டியில்லை" என்ற சொல் மெய்யன்று என்பதே நாம் அறிய வேண்டியது.

தவணையின் பெருந்தீங்கு வட்டியில் இல்லை; அது நம் வரையறையை அழிப்பதில் இருக்கிறது. 18,000 ரூபாய் என்று எண்ணிச் சென்றவரிடம், "மாதம் 900 ரூபாய்தான் கூடும்" என்று சொல்லி 40,000 ரூபாய்க் கருவியைக் கையில் வைத்துவிடுவர். மாதத் தொகை கண்ணுக்குத் தெரியும். மொத்தத் தொகை மறைந்துவிடும்.

நம் ஊரின் வருவாய் எத்தகையது என்பதையும் எண்ணுங்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்க்கும், ஜாப் ஒர்க் நம்பியிருப்பவர்க்கும் இந்த மாத வருவாய் அடுத்த மாதத்துக்கு உறுதியன்று. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா, இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது 50 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. பின்னலாடை அதில் அகப்பட்டது. ஆர்டர்கள் தள்ளிப்போயின, நின்றன. கைப்பேசிகளுக்கோ அவ்வரியிலிருந்து விலக்கு இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலையிலிருந்து அமெரிக்கா சென்ற ஐபோனுக்கு அந்தச் சுமை இல்லை. திருப்பூரிலிருந்து சென்ற பனியனுக்கு இருந்தது. ஒரே மாநிலத்தில் செய்த இரு பொருள்கள்; இருவேறு விதி. பனியனால் வரும் வருவாயை நம்பி, அந்த ஐபோனை 24 மாதத் தவணையில் வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆர்டர் நிற்கும்; ஓவர்டைம் நிற்கும்; தவணை நிற்காது. ஒரு தவணை தவறினால் அபராதமும், கடன் மதிப்பெண் குறைவும் தொடரும். நாளை மகளின் கல்விக் கடனுக்கோ, ஒரு தையல் இயந்திரம் வாங்கவோ வங்கிக்குச் செல்லும்போது அந்தக் குறைவு முன்வந்து நிற்கும்.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையிலுள்ள சேமிப்பில் முழுத் தொகையையும் செலுத்த இயன்றால் வாங்குங்கள். அதன்பின்னும் இரண்டு மாத வீட்டுச் செலவுக்கு மீதம் இருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில், அந்த மாதத் தவணைத் தொகையை உங்களுக்கே செலுத்துங்கள். பத்து மாதம் வங்கியில் சேர்த்து, பின்பு ரொக்கமாக வாங்குங்கள். அந்தப் பத்து மாதத்தில் அக்கருவியின் விலை குறைந்திருக்கக்கூடும். சிலர்க்கு ஆசையும் தணிந்திருக்கும்.

பழையதை வாங்குதலும் கழித்தலும்

முன்பு ஒருவர் பயன்படுத்திய கருவியை வாங்குவதில் இழிவில்லை. புதுப்பிப்புக் காலம் மீதமுள்ள நல்ல கருவி, பாதி விலைக்குக் கிடைப்பதுண்டு. ஆனால் திருட்டுப் பொருளாக இருக்கலாகாது. கள்ளாமையையும் நாம் விரதமாகக் கொண்டவர்கள். தெரியாமல் வாங்கினாலும் காவல் நிலையம் வரை செல்ல நேரிடும். கருவியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தோன்றும். கேஒய்எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டு, இடைவெளி விட்டு, அவ்வெண்ணையும் சேர்த்து 14422 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அக்கருவியின் விவரம் வரும். 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்திலும் இதனைச் சரிபார்க்கலாம். நம் கருவி தொலைந்தால், எவரும் பயன்படுத்த இயலாதபடி அங்கேயே முடக்கவும் செய்யலாம். பில்லும் பெட்டியும் இன்றி, "நண்பருடையது" என்று சொல்லி விற்கப்படுவதை விலக்குக.

மேசை அறையில் தூங்கும் பழைய கைப்பேசிகளையும் மறவற்க. பேட்டரி உப்பிய கருவி தீப்பற்றும் அபாயம் உடையது. குப்பையில் எறிந்தால் அது எரிக்கப்பட்டு, காற்றிலும் மண்ணிலும் நஞ்சாகக் கலக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், முறையான மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகின்றன. சேவை நிலையங்களில் கேட்டு ஒப்படைக்கலாம். கழிவு என்ன செய்யும் என்பதை நொய்யல் ஆற்றங்கரையில் வாழும் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாள்களை இவ்வூர் மறந்திருக்காது. நாம் மாற்றாது வைத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும், கழிவாகாத ஒரு கருவி. உயிர்கட்குச் செய்யாத ஒரு தீங்கு.

நிறைவாக

கடைக்குச் செல்லுமுன் ஒரு துண்டுத் தாளில் ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள். இக்கருவி யாருக்கு, எந்தப் பயனுக்கு? எத்தனை ஆண்டு மாற்றாமல் வைத்திருப்பேன்? அத்தனை ஆண்டும் புதுப்பிப்பு உண்டா? பேட்டரி, திரை, ரீசார்ஜ் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு? முழுத் தொகையும் இன்று என் கையில் உள்ளதா? எழுதி முடித்தபின் வீட்டில் இன்னொருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அத்தாளில் உள்ள தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கூட வேண்டா. விற்பனையாளரின் பேச்சுக்கும், நம் மனத்தின் வியப்புக்கும் அந்தத் தாளே வேலி.

எண்பதாயிரத்துக்குப் பதில் இருபத்தைந்தாயிரத்தில் நிறைவு கண்டவரிடம் ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய் மிஞ்சுகிறது. உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என நால்வகைத் தானத்தை நம் முன்னோர் சொல்லிச் சென்றனர். அந்த மீதியில் ஒரு பங்கு, ஒரு தொழிலாளியின் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணமாக, ஒரு முதியவர்க்குக் கண் அறுவை மருத்துவமாகச் செல்லட்டும். மற்றொரு பங்கு, ஆர்டர் இல்லாத மாதத்தில் நம் வீட்டு அடுப்பு எரிய வங்கியில் இருக்கட்டும். கைப்பேசிக்குச் செலவிடத் தகும் தொகை எது என்று கேட்டால், இவ்விரண்டுக்கும் இடம் விட்டு நிற்கும் தொகையே என்பேன்.